கிரீன் பெல்ட் வயலில் வீட்டுத் திட்டம்: கவுன்சிலின் தீர்மானத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க வழி உண்டா?

வயலோரத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லண்டனின் வடமேற்கு ஓரத்தில், பெருநகர எல்லை முடிந்து அடுத்த கவுண்டி தொடங்கும் இடத்தில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறோம். எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள மேய்ச்சல் நிலம் கிரீன் பெல்ட்டுக்குள், அதாவது நகரம் பரவாமல் தடுக்கக் கட்டுமானம் கட்டுப்படுத்தப்பட்ட பசுமை வலயத்துக்குள், அடங்கியது. அதன் குறுக்கே பொது நடைபாதை ஒன்று செல்கிறது. பாதையின் ஒரு பக்கம் பழைய ஹாதோர்ன் வேலி; மறுபக்கம் கோடையில் முழங்கால் அளவு உயரும் புல். ஏப்ரல் மாதத்தில் அந்தப் புல்லுக்குள்ளிருந்து வானம்பாடி செங்குத்தாக எழும்புவதைப் பார்ப்பதற்காகவே என் பிள்ளைகள் காலையில் என்னுடன் வருவார்கள்.

அந்த வயலில் ஏறத்தாழ தொண்ணூறு வீடுகள் கட்டுவதற்கு ஒரு நிறுவனம் விண்ணப்பித்தது. கவுன்சிலின் திட்டமிடல் அதிகாரிகள் நீண்ட அறிக்கை எழுதி, விண்ணப்பத்தை நிராகரிக்குமாறு பரிந்துரைத்தார்கள். ஆனால் சென்ற மாதம் கூடிய திட்டமிடல் குழுவில் உறுப்பினர்கள் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் அனுமதி வழங்கத் தீர்மானித்துவிட்டார்கள். நேரலையில் முழுவதையும் பார்த்தேன். வீடு கிடைக்காத இளம் குடும்பங்களைப் பற்றி மூன்று உறுப்பினர்கள் உருக்கமாகப் பேசினார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதிகாரிகளின் அறிக்கை எந்த இடத்தில் தவறு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

106ஆம் பிரிவு ஒப்பந்தம் (உட்கட்டமைப்பு, மலிவு வீடுகள் போன்றவற்றுக்காகக் கட்டுமான நிறுவனம் கவுன்சிலுடன் செய்வது) இன்னும் கையெழுத்தாகவில்லை என்றும், ஆகையால் அனுமதிப் பத்திரம் வெளியாகவில்லை என்றும் கவுன்சில் அலுவலகத்தில் கூறினார்கள். என் ஐயங்கள் இவை. அயலவர்களாகிய நாங்கள் மேன்முறையீடு செய்யலாமா? நீதிமன்றம் செல்ல ஆறு வாரமே அவகாசம் என்கிறார்கள். அது கூட்டம் நடந்த நாளிலிருந்து என்றால் பெரும்பகுதி முடிந்துவிட்டது. வயலை ஊர்ப் பொதுப் பசுந்திடலாகப் பதிவு செய்தால் காப்பாற்றிவிடலாம் என்று அயலவர் ஒருவர் சொல்கிறார், அது சரியா? தோற்றால் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுக்காக வீட்டையே விற்க நேருமா? டென்னிஸ் கழகத்தின் விரிவாக்கத்தை எதிர்த்த விம்பிள்டன் பூங்கா வழக்கில் அவ்வளவு பெரிய மக்கள் அமைப்பே தோற்றதைக் கண்ட பிறகு எங்கள் தெருவில் பலர் மனம் தளர்ந்துவிட்டார்கள்.

பழைய திட்ட அலுவலர் எழுதியது:

தம்பி, உள்ளூராட்சிச் சபை ஒன்றின் திட்டமிடல் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நடைமுறை சார்ந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறேன். சட்ட நுணுக்கங்களை அறிந்தவர்கள் மற்றவற்றைச் சொல்லட்டும்.

முதலில் மேன்முறையீடு. இங்கிலாந்தில் அனுமதி மறுக்கப்பட்ட விண்ணப்பதாரர் மட்டுமே அரசின் திட்டமிடல் ஆய்வகத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். அனுமதி வழங்கப்பட்டதை எதிர்க்கும் அயலவருக்கு அந்த உரிமை இல்லை. அவருக்கு எஞ்சியிருப்பது உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மீளாய்வு, அதாவது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்ற ஆய்வு, கோருவது ஒன்றுதான்.

கால எல்லையைப் பற்றி நீங்கள் அஞ்சத் தேவையில்லை, ஆனால் அசட்டையாகவும் இருந்துவிடக் கூடாது. ஆறு வாரம் என்பது உண்மைதான். 2013ஆம் ஆண்டுக்கு முன் மூன்று மாதமாக இருந்ததைச் சுருக்கிவிட்டார்கள். ஆனால் அந்த ஆறு வாரம் குழு கூடித் தீர்மானித்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அனுமதிப் பத்திரம் வழங்கப்பட்ட நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. ஹாமர்ஸ்மித் கவுன்சிலுக்கு எதிரான பர்கெட் வழக்கில் 2002இல், அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. தொடங்கிய பிறகு அது யாருக்காகவும் நிற்காது. நீங்களும் கவுன்சிலும் மனமொத்து நாளை நீட்டிக்க இயலாது. வழக்குக்கு முன் அனுப்பும் முன்னறிவித்தல் கடிதத்துக்குக் கவுன்சில் பதில் தரும்வரை காத்திருந்தேன் என்பதையும் நீதிமன்றம் காரணமாக ஏற்பது அரிது. எனவே கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் உங்கள் விண்ணப்ப எண்ணை நாள்தோறும் பாருங்கள். பத்திரம் வந்ததை ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்தவர்களை என் பணிக்காலத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் இந்த இடைவெளிதான் மிகவும் பெறுமதியானது. பெரும்பாலானோர் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் பின்னர் வருந்துகிறார்கள். கிரீன் பெல்ட்டில் பொருத்தமற்றதாகக் கருதப்படும் கட்டுமானம் ஆயிரம் சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தளப்பரப்பைக் கொண்டிருந்தால், அல்லது அந்த நிலத்தின் திறந்த தன்மையைக் கணிசமாகப் பாதித்தால், அதற்கு அனுமதி கொடுக்க விரும்பும் கவுன்சில் முதலில் துறை அமைச்சருக்கு அறிவித்தாக வேண்டும். அமைச்சரின் அலுவலகத்துக்கு ஆவணங்கள் கிடைத்து 21 நாள்கள் கழியும்வரை அனுமதிப் பத்திரம் வழங்கக் கூடாது. தொண்ணூறு வீடுகள் என்றால் தளப்பரப்பு அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும். உங்கள் கவுன்சில் அவ்வாறு அறிவித்ததா, இல்லையென்றால் எந்தக் காரணத்தால் அறிவிக்கவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். அத்துடன் நீங்களும் அமைச்சருக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, விண்ணப்பத்தைத் தம் முன் அழைத்து முடிவெடுக்குமாறு கோரலாம். அமைச்சர்கள் இதற்கு இணங்குவது குறைவு என்றாலும், கோருவதற்குத் தபால் செலவைத் தவிர வேறு செலவில்லை.

பொதுப் பசுந்திடல் யோசனையைக் கைவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் காமன்ஸ் சட்டத்தின்படி ஊர்மக்கள் இருபது ஆண்டுகள் எவர் அனுமதியும் பெறாமல், தடையுமின்றி, வெளிப்படையாக விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படுத்திய நிலத்தைப் பதிவு செய்யலாம் என்பது உண்மை. ஆனால் 2013இல் கொண்டுவந்த திருத்தத்தின் பிறகு, ஒரு நிலத்துக்கான கட்டுமான விண்ணப்பம் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டுவிட்டால் அந்தப் பதிவுரிமை முடக்கப்படுகிறது. உங்கள் தெருவின் விளக்குத் தூணில் மஞ்சள் அறிவித்தலைக் கட்டிய அன்றே அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. மேலும், பொது நடைபாதையில் நடந்து போவது வயல் முழுவதையும் பயன்படுத்தியதாகக் கொள்ளப்படாது.

நீதிமுறை எழுதியது:

திட்டமிடல் வழக்குகளில் பணியாற்றும் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் இருக்கிறேன். நான் எழுதுவது பொதுவான விளக்கம் மட்டுமே; உங்கள் ஆவணங்களைப் படித்த ஒருவரின் ஆலோசனைக்கு இது ஈடாகாது.

நீதிபதி உங்கள் வயலைப் பார்க்க வரமாட்டார் என்பதை உங்கள் தெருவினர் அனைவருக்கும் முதலில் எடுத்துச் சொல்லுங்கள். வானம்பாடி முக்கியமா, வீடுகள் முக்கியமா என்பதை அவர் நிறுத்துப் பார்ப்பதில்லை. அந்த நிறுவை, கவுன்சில் உறுப்பினர்களிடமே சட்டம் ஒப்படைத்துள்ள பொறுப்பு. அவர்கள் சட்டத்தைச் சரியாக விளங்கிக்கொண்டார்களா, கருத்தில் கொள்ள வேண்டியவற்றைக் கொண்டார்களா, நியாயமான நடைமுறையைப் பின்பற்றினார்களா என்பதை மட்டுமே நீதிமன்றம் பார்க்கும். கிரீன் பெல்ட் வழக்குகளில் தோற்றவர்களில் பலர் நல்ல வாதத்துடன் தவறான இடத்துக்கு வந்தவர்கள்.

இதற்குச் சிறந்த சான்று, நோர்த் யோர்க்‌ஷயரில் டாட்காஸ்டர் ஊருக்கு அருகே ஒரு கல்லகழி விரிவாக்கத்தை எதிர்த்து சாமுவேல் ஸ்மித் மதுவடி நிறுவனம் நடத்திய வழக்கு. கிரீன் பெல்ட்டின் 'திறந்த தன்மை' என்பதைக் கணிக்கும்போது கண்ணுக்குத் தெரியும் காட்சிப் பாதிப்பையும் கவுன்சில் கட்டாயம் ஆராய்ந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் அதை ஏற்று அனுமதியை இரத்துச் செய்தது. ஆனால் 2020 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. திறந்த தன்மை என்பது பரந்த கொள்கைக் கருத்து. காட்சிப் பாதிப்பு அதில் ஓர் அங்கமாக அமையலாம், ஆனால் ஒவ்வொரு வழக்கிலும் அது அமைந்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அது திட்டமிடுவோரின் மதிப்பீட்டுக்கு உரியது என்று நீதியரசர் கார்ன்வாத் எழுதினார். அந்தத் தீர்ப்புக்குப் பின், 'எங்கள் வயலின் திறந்த தன்மையைக் கவுன்சில் குறைத்து மதிப்பிட்டது' என்ற ஒரே குறையை வைத்துக்கொண்டு வருபவரை நாங்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

உங்கள் விடயம் அப்படிப்பட்டதாகத் தோன்றவில்லை. உங்கள் பதிவில் உள்ள ஒரு வாக்கியம் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது: அதிகாரிகளின் அறிக்கை எங்கே தவறு என்று எவரும் கூறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அனுமதி வழங்கும்போது ஒவ்வொரு முறையும் காரணம் கூற வேண்டும் என்ற பொதுக் கடமை கவுன்சில்களுக்கு இல்லை. அதிகாரிகளின் பரிந்துரையை உறுப்பினர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளும்போது, அறிக்கையில் உள்ளதே அவர்களின் காரணம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அவர்கள் அந்தப் பரிந்துரையைத் தள்ளிவிட்டுப் போகும்போதுதான் வெற்றிடம் உண்டாகிறது. கேம்பிரிட்ஜ் அருகே சோஸ்டன் கிராமத்தில், கிரீன் பெல்ட் நிலத்தில் உதைபந்தாட்ட அரங்கு ஒன்றுக்கு, அதிகாரிகள் நிராகரிக்கச் சொல்லியும் சவுத் கேம்பிரிட்ஜ்‌ஷயர் கவுன்சிலின் குழு அனுமதி கொடுத்தது. அதை எதிர்த்த ஓக்லி வழக்கில் 2017 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை இரத்துச் செய்தது. அதிகாரிகளின் பரிந்துரைக்கும், உள்ளூர்த் திட்டத்துக்கும், கிரீன் பெல்ட் கொள்கைக்கும் மாறாக ஒரு முடிவை எடுக்கும் குழு, அந்த முடிவால் பாதிக்கப்படும் மக்களுக்குத் தன் காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டது என்பதே அதன் சாரம்.

அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டோவர் வழக்கில் இந்தக் கோட்பாட்டை உறுதி செய்தது. கென்ட் டவுன்ஸ் இயற்கை எழில் பகுதியில், ஃபார்த்திங்லோ என்ற பள்ளத்தாக்கில் 521 வீடுகள் கட்டக் கேட்டிருந்தார்கள். நிலவமைப்புக்கு வரும் கேட்டைக் குறைப்பதற்காக அதை 365 ஆகக் குறைக்குமாறு அதிகாரிகள் பரிந்துரைத்தார்கள். உறுப்பினர்களோ முழு எண்ணிக்கைக்கும் அனுமதி கொடுத்தார்கள். ஏன் அதிகாரிகளின் கருத்தை ஏற்கவில்லை என்பதைக் கூட்டக் குறிப்புகளிலிருந்து அறிய முடியவில்லை. கிராமிய இங்கிலாந்தைப் பாதுகாக்கும் இயக்கத்தின் கென்ட் கிளை தொடுத்த அந்த வழக்கில் அனுமதி இரத்தானது.

எனவே உடனே செய்ய வேண்டியது கூட்டக் குறிப்புகளைப் பெறுவதும், நேரலைப் பதிவைத் தரவிறக்கிப் பத்திரப்படுத்துவதும் ஆகும். சில கவுன்சில்கள் அப்பதிவுகளைச் சிறிது காலத்தில் நீக்கிவிடுகின்றன. பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் எழுதி, ஒவ்வொரு உறுப்பினரும் அறிக்கையின் எந்தப் பத்தியைத் தொட்டார் என்று பக்கத்தில் குறியுங்கள். எந்தப் பத்தியையும் தொடவில்லை என்றால் அந்த வெற்றுப் பக்கமே உங்கள் சான்று.

இரண்டு பிள்ளைகளின் தகப்பன் எழுதியது:

எதிர்க்கருத்து ஒன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். என் பிள்ளைகள் இருவரும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். இருவருக்கும் நாங்கள் வாழும் வட்டாரத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுப்பதே பெரும்பாடு. இங்கிலாந்து நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கிரீன் பெல்ட்டாக ஒதுக்கப்பட்டுள்ளது. அது முழுவதும் வானம்பாடி பாடும் வயல் அல்ல. பழைய வாகனத் தரிப்பிடங்களும் கைவிடப்பட்ட கொட்டில்களும் அதற்குள் அடங்கும். 1955இல் டங்கன் சாண்டிஸ் அமைச்சராக இருந்தபோது இந்தக் கொள்கை நாடெங்கும் விரிந்ததன் நோக்கம், நகரங்கள் கட்டுக்கடங்காமல் பரவுவதைத் தடுப்பதே. ஒவ்வொரு தெருவுக்கும் பின்னால் உள்ள காட்சியைக் காப்பது அதன் நோக்கமாக இருந்ததில்லை.

2024 டிசம்பரில் வந்த புதிய தேசியத் திட்டமிடல் கொள்கையில் 'கிரே பெல்ட்' என்ற வகை சேர்க்கப்பட்டுள்ளதையும் இங்கு எவரும் குறிப்பிடவில்லை. முன்பே கட்டடம் இருந்த நிலமும், பெருநகரப் பரவலைத் தடுத்தல், அடுத்தடுத்த நகரங்கள் ஒன்றாவதைத் தடுத்தல், வரலாற்று நகரங்களின் சூழலைக் காத்தல் ஆகிய மூன்று நோக்கங்களில் எதற்கும் வலுவாகப் பங்களிக்காத நிலமும் அந்த வகைக்குள் வரலாம். அவ்வாறு வந்து, உரிய அளவு மலிவு வீடுகள், உட்கட்டமைப்பு, பசுமை வெளி ஆகியவற்றுக்கான நிபந்தனைகளையும் ஏனைய தேவைகளையும் நிறைவு செய்தால், அங்கே வீடு கட்டுவது பொருத்தமற்ற கட்டுமானமாகவே கருதப்படாது. உங்கள் வயல் அப்படிப்பட்டதென்று குழு முடிவு செய்திருந்தால், அமைச்சருக்கு அறிவிக்கும் கடமைகூட எழாமல் போகலாம். அதனால் உங்கள் தெருவினர் பெரும் பணம் செலவழிக்கும் முன் இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை காண வேண்டும் என்பது என் வேண்டுகோள். தோற்கும் வழக்கு வீடுகளைத் தாமதப்படுத்தும், வயலைக் காப்பாற்றாது.

வயலோரத்தான் எழுதியது:

ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் மிக்க நன்றி. கூட்டக் குறிப்புகள் இன்று கிடைத்தன. எங்கள் விண்ணப்பம் பற்றி அதில் இருப்பது இவ்வளவுதான்: 'வீட்டுத் தேவையின் பயன்கள் கேட்டை விட மேலோங்குகின்றன என்று உறுப்பினர்கள் கருதினர், அனுமதி வழங்கத் தீர்மானிக்கப்பட்டது.'

கிரே பெல்ட் பற்றிய வினாவை எழுப்பியவருக்கு: அதிகாரிகளின் அறிக்கையில் அதற்கெனத் தனிப் பகுதி உள்ளது. எங்கள் பக்கத்தில் லண்டன் முடிகிறது. வயலின் மறுகோடியில் அடுத்த நகரத்தின் முதல் வீடுகள் தெரிகின்றன. இரண்டையும் பிரித்து நிற்பது இந்த வயலும் இன்னொரு வயலும் மட்டுமே. ஆகவே நகரங்கள் ஒன்றாவதைத் தடுக்கும் நோக்கத்துக்கு இந்நிலம் வலுவாகப் பங்களிக்கிறது, இது கிரே பெல்ட் அல்ல என்று அறிக்கை முடிவு கூறுகிறது. கூட்டத்தில் ஓர் உறுப்பினர், 'இப்போது எல்லாம் கிரே பெல்ட் ஆகிவிட்டது' என்று சொன்னார். குறிப்புகளில் அந்தச் சொல்லே இல்லை.

தங்கள் பிள்ளைகளின் நிலைமை எனக்கும் புரியும். வீடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் நகரின் பழைய தொழிற்சாலை நிலத்தில் வீடு கட்ட முன்வந்தபோது ஆதரித்து எழுதியவர்களில் நானும் ஒருவன்.

எனக்கு எஞ்சியிருக்கும் அச்சம் பணமும் விம்பிள்டனும்தான்.

மேர்ட்டன் வாசி எழுதியது:

விம்பிள்டன் பூங்காவுக்கு அருகில் வசிப்பவள் என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் வழக்கை உங்கள் வழக்கோடு ஒப்பிட்டுச் சோர்வடையாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

இங்கு டென்னிஸ் கழகம் பழைய கொல்ஃப் மைதானத்தில் 38 புதிய புல்தரை ஆடுகளங்களையும் 8,000 இருக்கைகள் கொண்ட அரங்கு ஒன்றையும் அமைக்க விண்ணப்பித்தது. அந்த நிலம் மெட்ரோபாலிட்டன் ஓபன் லாண்ட். லண்டன் திட்டத்தின்படி கிரீன் பெல்ட்டுக்கு உள்ள அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பூங்கா வடிவமைப்பாளர் கேப்பபிலிட்டி பிரவுன் வடிவமைத்த பூங்காவின் ஒரு பகுதியும்கூட. நிலம் இரண்டு கவுன்சில்களின் எல்லையில் இருந்ததால், 2023இல் மேர்ட்டன் ஆதரித்தது, வாண்ட்ஸ்வர்த் நிராகரித்தது. அதன்பின் மேயரின் கீழ் இயங்கும் பெருலண்டன் ஆணையம் விண்ணப்பத்தைத் தன் கையில் எடுத்தது. மேயர் சாதிக் கான் முன்பே திட்டத்தை ஆதரித்துப் பேசியிருந்ததால் விலகிக்கொள்ள, துணை மேயர் ஜூல்ஸ் பைப் 2024 செப்டெம்பரில் அனுமதி கொடுத்தார்.

அவர்கள் காரணம் சொல்லாமல் விடவில்லை. அதிகாரிகளின் மிக விரிவான அறிக்கையும், அதனுடன் ஒத்துப்போகும் முடிவும் இருந்தன. எனவே போராட்டம் வேறு களத்துக்குப் போனது. 1993இல் மேர்ட்டன் கவுன்சில் அந்த நிலத்தை டென்னிஸ் கழகத்துக்கு விற்றபோது, கட்டடம் எழுப்பக் கூடாது என்ற கட்டுப்பாட்டு உடன்படிக்கை எழுதப்பட்டது. அத்துடன், பொதுமக்களின் பொழுதுபோக்குக்கான சட்டபூர்வ நம்பிக்கைப் பொறுப்பு நிலத்தின் மீது இன்னும் இருக்கிறது என்பதும் மக்கள் தரப்பின் நிலைப்பாடு. அனுமதி கொடுத்தவர்கள் இவற்றை உரியவாறு கருதவில்லை என்று வாதிட்டார்கள். 2025 ஜூலையில் நீதியரசர் சைனி அதை ஏற்கவில்லை. அந்தக் கட்டுப்பாடுகளுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில் முடிவெடுத்தவர்கள் திட்டமிடல் மதிப்பீடாக நியாயமான வழியில் நடந்துகொண்டார்கள் என்பதே தீர்ப்பின் மையம். நம்பிக்கைப் பொறுப்பு உண்மையில் உண்டா இல்லையா என்பது வேறொரு வழக்குக்கு விடப்பட்டது.

உங்கள் வயல் எப்போதாவது கவுன்சிலுக்குச் சொந்தமாக இருந்ததா என்பதை நிலப்பதிவேட்டில் பாருங்கள். ஷ்ரூஸ்பரி நகரின் கிரீன்ஃபீல்ட்ஸ் விளையாட்டுத் திடலில் 2023இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு எங்களுக்கு அதனால்தான் அவ்வளவு ஊக்கம் தந்தது. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் மக்களுக்காக வைத்திருந்த நிலத்தின் ஒரு பகுதியை, சட்டம் கேட்கும் முன்னறிவித்தலைச் செய்தித்தாளில் வெளியிடாமலே அங்குள்ள சபை விற்றுவிட்டது. விற்பனை நடந்த பிறகும் நிலத்தின் மீது மக்களுக்குள்ள உரிமை அழியாது என்று நீதிமன்றம் கூறியது. அந்த உரிமையைக் கருதாமல் கொடுத்த வீட்டு அனுமதியும் இரத்தானது. தனியார் மேய்ச்சல் நிலமாகவே இருந்து வந்திருந்தால் இது உங்களுக்கு உதவாது; ஆனால் பார்த்துவிட்டு விடுவது நல்லது.

நீதிமுறை எழுதியது:

அந்த ஒற்றை வாக்கியக் குறிப்பைத் தயவுசெய்து அப்படியே சேமித்து வையுங்கள். வீட்டுத் தேவை கேட்டை விட மேலோங்குகிறது என்பது பொருத்தமற்ற கட்டுமானத்துக்கான அளவுகோல் அல்ல. கிரீன் பெல்ட்டுக்கு வரும் கேட்டுக்குக் கணிசமான எடை கொடுக்க வேண்டும். அந்தக் கேடும் ஏனைய கேடுகளும் பிற பயன்களால் தெளிவாக மேவப்பட்டால் மட்டுமே அனுமதிக்குத் தேவையான 'மிகச் சிறப்பான சூழ்நிலை' உண்டு என்று கொள்ளலாம். உங்கள் குறிப்பில் அந்தத் 'தெளிவாக' என்பதும் இல்லை, சிறப்பான சூழ்நிலையும் இல்லை. கிரே பெல்ட் என்று கருதித்தான் அனுமதித்தார்கள் என்றால், அறிக்கையின் முடிவை எதனால் மறுத்தார்கள் என்பது தெரிய வேண்டும். எந்த வழியில் சென்றார்கள் என்றே அறிய முடியாத நிலை, ஓக்லி வழக்கின் நிலைக்கு மிக அருகில் வருகிறது. ஆனாலும் கூட்டக் குறிப்பு அவ்வளவு சுருக்கமாக இருக்கும்போது உறுப்பினர்களின் பேச்சையும் நீதிமன்றம் பார்க்கும்; அதனால்தான் நேரலைப் பதிவைக் கேட்டேன்.

ஒரு விடயத்தில் நீங்கள் முடிவெடுக்க வேண்டும். அனுமதிப் பத்திரம் வரும் முன்பே இந்தக் குறையைக் கவுன்சிலுக்குச் சுட்டிக்காட்டினால், அவர்கள் விண்ணப்பத்தை மீண்டும் குழுவுக்குக் கொண்டுபோய், நன்றாக எழுதிய காரணங்களுடன் அதே முடிவை எடுக்கக்கூடும். அதனால் சிலர் பேசாமல் இருந்து பத்திரம் வந்த பின் வழக்கிடுவதே உத்தி என்பார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. சொற்ப வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிய தீர்மானம் இரண்டாம் முறை குழுவுக்கு வந்தால் கவிழவும் கூடும். வழக்கில் வென்றாலும் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த இரண்டாம் வாக்கெடுப்புத்தான். நீதிமன்றம் அனுமதியை இரத்துச் செய்யுமே தவிர, நிராகரிப்பாக மாற்றித் தராது. தீர்மானத்துக்கும் பத்திரத்துக்கும் இடையே முக்கியமான புதிய விடயம் ஏதேனும் தோன்றினால் அதைக் குழு மீண்டும் கருத வேண்டும் என்று 2002இல் கைட்ஸ் வழக்கும் கூறுகிறது. உங்கள் பகுதி உள்ளூர்த் திட்டத்தில் அண்மையில் மாற்றம் வந்திருந்தால் அதையும் கடிதத்தில் சேருங்கள்.

இனிச் செலவு. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு, மக்கள் நீதிமன்றம் செல்லும் உரிமை பற்றிய ஆர்ஹுஸ் சர்வதேச உடன்படிக்கையின் அடிப்படையில் இங்கிலாந்து நீதிமன்ற விதிகளில் செலவு வரம்பு உள்ளது. தனிநபர் வழக்கிட்டுத் தோற்றால் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டியது பொதுவாக 5,000 பவுணுக்கு மேற்படாது. அமைப்பு என்றால் 10,000 பவுண். வென்றால் நீங்கள் பெறக்கூடிய செலவும் 35,000 பவுணுக்குள் அடங்கிவிடும். வழக்கிடுவோர் பலர் என்றால் வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொருந்தும் என்பதால், தெருவே சேர்ந்து பெயர் கொடுப்பது சரியல்ல. ஒருவர் பெயரில் தொடுத்து மற்றவர்கள் பங்களிப்பதே வழக்கம். இந்த வரம்பைக் கோருவதை வழக்குப் படிவத்திலேயே குறிப்பிட்டு, உங்கள் வருமானம், சொத்து, கிடைக்கும் உதவிப் பணம் ஆகியவற்றின் விபரத்தையும் இணைக்க வேண்டும். அதைக் கண்டு நீதிமன்றம் வரம்பை மாற்றவும் முடியும். மேன்முறையீட்டுக்குச் சென்றால் அங்கு வரம்பு வேறாகக் கணிக்கப்படும். இவற்றுக்குள் உங்கள் சொந்தச் சட்டத்தரணியின் கட்டணம் அடங்காது. பெரிய செலவு அதுதான். முழு வழக்குக்கும் ஒப்புக்கொள்ளும் முன், வாதிடத் தகுந்த குறை உண்டா என்று பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதிடும் சட்டவல்லுநர்) ஒருவரிடம் எழுத்துமூல ஆலோசனை மட்டும் பெறுங்கள். அதற்கு முன்கூட்டியே நிலையான தொகை பேசிக்கொள்ளலாம்.

வழக்குப் போட்டதும் விசாரணை நடந்துவிடாது. முதலில் நீதிபதி ஒருவர் காகிதத்திலேயே பார்த்து, வழக்கை நடத்த அனுமதிக்கலாமா என்று தீர்மானிப்பார். அந்தக் கட்டத்திலேயே, குறை இருந்தாலும் முடிவு பெரிதும் மாறியிருக்காது என்று கவுன்சிலும் கட்டுமான நிறுவனமும் வாதிடும். பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று தெரிந்தால் நிவாரணத்தை மறுக்குமாறு சட்டமும் கூறுகிறது. வாக்கு வித்தியாசம் குறுகியதாக இருந்தது அந்த இடத்தில் உங்களுக்குத் துணை நிற்கும். அதனால் எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்ற பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

பழைய திட்ட அலுவலர் எழுதியது:

ஒன்று விடுபட்டுவிட்டது. கவுன்சிலுக்கு எழுதும் கடிதத்தைத் திட்டமிடல் பிரிவுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். கவுன்சிலின் சட்டப் பிரிவுத் தலைவருக்கும் நேரடியாக ஒரு பிரதி போக வேண்டும். 106ஆம் பிரிவு ஒப்பந்தத்தை முடித்துப் பத்திரத்துக்குப் பச்சைக்கொடி காட்டுவது அந்த அலுவலகம்தான். ஓக்லி, டோவர் என்ற இரு பெயர்களையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள், தம்பி. அவர்கள் கோப்பை மறுபடி திறந்து பார்ப்பார்கள்.

வயலோரத்தான் எழுதியது:

கடிதத்தை நாளை எழுதி, சட்டப் பிரிவுக்கும் அமைச்சரின் அலுவலகத்துக்கும் சேர்த்து அனுப்புகிறேன். நேரலைப் பதிவைத் தரவிறக்கிவிட்டேன். அதை எழுத்தில் கொண்டுவரும் வேலையைத் தெருவில் நான்கு வீட்டார் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். நிலப்பதிவேட்டின்படி வயல் இரண்டு தலைமுறையாக ஒரே பண்ணைக் குடும்பத்தின் வசம் இருந்திருக்கிறது. ஆகவே ஷ்ரூஸ்பரி வழி எங்களுக்குப் பொருந்தாது. கவுன்சிலின் பதில் வந்ததும் இங்கே பதிகிறேன்.